கச்சான் காற்றுக் காலத்துச் சாப்பாடு: வயலுக்குப் போறவருக்கும் பிரஷர் உள்ள அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன கொடுக்கலாம்?

படுவான்கரை வீடு (கேள்வி)

வணக்கம். நாங்க மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம். கச்சான் எண்ட சூடான வறண்ட காத்து வீசத் தொடங்கிற்று, சிறுபோக நெல் வெட்டும் கிட்ட வந்துட்டு. வீட்டுக்காரர் விடிய ஆறு மணிக்கு வயலுக்குப் போனா பின்னேரம் நாலு மணிக்குத்தான் வருவார். அம்மாவுக்கு 68 வயசு, பிரஷர் குளிசை எடுக்கிறா. பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூடம் போறவங்க, எட்டு வயசும் பதிமூன்று வயசும். தண்ணி குடியுங்க எண்டு சொன்னா எல்லாரும் ரெண்டு மிடறோட வைச்சிருவாங்க. அதால சாப்பாட்டுக்குள்ளேயே நீரைச் சேர்த்துக் கொடுக்கப் பார்க்கிறன்.

இப்ப எங்கட வழக்கம் விடிய பிட்டு இல்லாட்டிப் பாண், பகலைக்குச் சோறு கறி, ராவைக்கு இடியப்பம். இதில எதை மாத்தலாம்? வயலுக்குக் கட்டிக் கொடுத்தா பழுதாகாம இருக்கிறது எது? ஒரு நாளைக்கு எத்தனை இளநீர் குடிக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் அளவோட சொல்லுங்க.

கல்முனைப் போசணை

தங்கச்சி, உங்கட வீட்டில் முதலில் மாற வேண்டியது காலைச் சாப்பாடு. பாணில் நூற்றுக்கு 36 முதல் 38 பங்குதான் தண்ணீர். சோற்றில் 70க்குக் கிட்ட. தளதளவென்று காய்ச்சிய கஞ்சியில் 90க்குக் கிட்ட. மூன்று துண்டுப் பாண் சாப்பிட்டவருக்கு முப்பது மில்லிலீற்றர் அளவுதான் கிடைக்கும். ஒரு பெரிய கோப்பை கஞ்சி, அதாவது 400 மில்லிலீற்றர், குடித்தவருக்கு 350க்கு மேல் போய்ச் சேரும். பிட்டை விட மனம் வராவிட்டால் தேங்காய்ப்பால் விட்டோ, தயிரும் வாழைப்பழமும் சேர்த்தோ, சொதியில் நனைத்தோ கொடுங்கள். வறண்ட பிட்டும் சம்பலும் மட்டும் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது.

மரக்கறியில் நீற்றுப்பூசணி 96, கெக்கரிக்காயும் சுரைக்காயும் 95, புடலங்காய், பீர்க்கங்காய், தக்காளி எல்லாம் 94 அளவில் நிற்கும். வத்தகப்பழம் 91, பப்பாசி 88, தோடம்பழம் 87, அன்னாசி 86, மாம்பழம் 83, வாழைப்பழம் 75. முந்நூறு கிராம் வத்தகப்பழம் சாப்பிட்டால் 270 மில்லிலீற்றர் தண்ணீர் குடித்ததற்குச் சரி.

இனிக் கச்சானைப் பற்றி. இது மே தொடங்கி ஓகஸ்ட் வரை வீசுகிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மற்றப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கட பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. சித்திரைப் புழுக்கத்தில் வியர்வை உடம்பில் வடிந்துகொண்டே இருக்கும், அதனால் ஆளுக்குத் தெரியும். கச்சானில் வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். "இண்டைக்கு வேர்க்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் லீற்றர் கணக்கில் இழந்திருப்பார். சட்டை முதுகில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், அது உப்பு. வெயிலில் கடினமாக வேலை செய்கிறவருக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை போகும்.

ஆகையால் உங்கட வீட்டுக்காரரின் கணக்கு வேறு, வீட்டிலிருக்கிறவர்களின் கணக்கு வேறு. சாதாரணமாக ஒரு நாளைத் தண்ணீரில் 20 முதல் 30 சதவீதம்தான் சாப்பாட்டிலிருந்து வரும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கூட்டிக் கொடுத்தால் நல்ல பலன் உண்டு. வயலில் நிற்கிறவருக்குப் பழமும் கெக்கரியும் உதவி மட்டுமே, அவர் குடித்தே ஆக வேண்டும். 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கிளாஸ், 200 முதல் 250 மில்லிலீற்றர். தாகம் எடுக்கும் வரை பார்த்திருக்கக் கூடாது. ஒரேயடியாக ஒரு போத்தலைக் கவிழ்ப்பதும் சரியில்லை. மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் போகவே கூடாது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே நாள் முழுக்க நிரப்பினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலையிடி, சத்தி, தடுமாற்றம் வரும். பார்க்கிறவர்கள் அதையும் வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அதனால்தான் பகல் சாப்பாட்டைத் தவறவிட வேண்டாம் என்கிறேன். இழந்த உப்பில் பெரும் பங்கு சோறு கறியோடுதான் திரும்பி வரும்.

அக்கரைப்பற்று அடுக்களை

வயலுக்குக் கட்டுகிற சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் பகலைக்குக் கட்டாதீங்க. சொதி, பால்கறி எல்லாம் விடிய ஐந்து மணிக்கு இறக்கினால் இந்தச் சூட்டில் பத்து, பதினொரு மணிக்கே மணம் மாறும். அவற்றை வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்க. வயலுக்குக் கட்டும் கரியருக்குப் புளியாணம் அல்லது மிளகுத்தண்ணிதான் நல்லது. புளி இருப்பதால் கொஞ்சம் தாங்கும், தண்ணியாகவும் இருக்கும், தேவையான உப்பும் கிடைக்கும். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்கில் ஊற்றி மூடுங்க. பாதிச் சூட்டில் மூடினால்தான் கெடும். புளியும் தேசிக்காயும் சேர்ந்ததை அலுமினியப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம், எவர்சில்வர் எடுங்க.

வீட்டுக்குச் சொதி வைக்கும்போது: இரண்டாம் பால், மூன்றாம் பால் சேர்த்து மூன்று கோப்பை, அதில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு அரைத் தேக்கரண்டி, அதோடு வெட்டிய பீர்க்கங்காயோ சுரைக்காயோ இரண்டு கோப்பை. காய் வெந்த பிறகு முதற்பால் அரைக் கோப்பை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்க. தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான். அடுப்பில் வைத்துப் புளி விட்டால் பால் திரையும். இந்த ஒரு சட்டியில் நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு கோப்பைக்குக் கிட்ட நீர் இருக்கிறது, இடியப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கறி இல்லை.

மோர்: நல்ல எருமைத் தயிர் 250 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 750 மில்லிலீற்றர், மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை. எருமைத் தயிரில் கொழுப்புக் கூட, அதனால் ஆடையை முதலில் எடுத்துவிடுங்க. எடுக்காமல் கடைந்தால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும், சூட்டில் காறும். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக அடித்தால் வயிறு நிறைந்து நித்திரைதான் வரும், தாகம் போகாது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொடுத்தால் பகல் வரை நிற்கும். வெறும் போத்தலில் என்றால் ஒன்பது மணிக்குள் குடித்து முடிக்கச் சொல்லுங்க.

பழஞ்சோறு இந்தக் காலத்துக்கு நல்ல காலைச் சாப்பாடு, ஆனால் செய்முறை பிழைத்தால் வயிற்றாலே போகும். ராச்சோறு மிஞ்சினால் சட்டியோடு அப்படியே வைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த இடைவெளியில்தான் பழுது. சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, இளஞ்சூட்டில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் மண்சட்டியில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு விரல் உயரம் மேலே நிற்க ஊற்றி மூடுங்க. எட்டுப் பத்து மணித்தியாலம் போதும். விடிய நல்ல புளிப்பு மணம் வரும். நூல் நூலாக இழுபட்டாலோ அழுகல் மணம் வந்தாலோ ஊற்றிவிடுங்க. அந்தத் தண்ணியோடு தயிர் இரண்டு கரண்டி, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் பிசைந்து சாப்பிட வேண்டும். சோற்றை மட்டும் பிழிந்தெடுத்துத் தண்ணியை ஊற்றினால் பிறகு என்ன பலன்? பகல் வரை வைத்திருக்கவும் கூடாது.

கெக்கரிக்காய் சம்பலிலும் இதே பிழை நடக்கிறது. வெட்டி உப்புப் பிரட்டி வைத்து, ஊறி வரும் நீரைப் பிழிந்து கொட்டிவிடுவார்கள். உப்பைச் சாப்பிடும் நேரம் போடுங்க.

இன்னொன்று, இதை எல்லாரும் கவனியுங்க. கடும் வெயிலில் தண்ணீர் காணாத கொடியில் காய்க்கும் சுரைக்காய், கெக்கரிக்காய், பீர்க்கங்காய் சில வேளை கசக்கும். காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்க. கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்க. அந்தக் கசப்பு ஒரு நஞ்சு, சமைத்தாலும் போகாது. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று கசந்த சுரைக்காயைச் சாறு பிழிந்து குடிப்பது மிகவும் ஆபத்து, இரத்தச் சத்தி வரை கொண்டுபோகும்.

படுவான்கரை வீடு

இவ்வளவு விளக்கமாகச் சொன்னதுக்கு நன்றி அக்கா, நன்றி அண்ணன். இன்னும் ரெண்டு விசயம். அம்மாவுக்கு லொசார்டன் குளிசையும், மூத்திரம் போறதுக்கு ஒரு குளிசையும் கொடுத்திருக்கிறாங்க. சீனியும் எல்லையில நிக்குதாம். அவவுக்கு இளநீர் விருப்பம், ஒவ்வொரு நாளும் கேட்பா. மற்றது, எங்கட கிணத்துத் தண்ணி இந்த மாசத்தில உவர்க்கும். கொதிக்க வைச்சா சரியாகுமா?

கிளினிக் வரிசை

அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் முழு இளநீர் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. நூறு மில்லிலீற்றரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம். 400 மில்லிலீற்றர் உள்ள ஒரு இளநீரில் ஒரு கிராம் வந்துவிடும். அது இரண்டு வாழைப்பழத்துக்கு மேல். லொசார்டன், எனலாப்ரில் போன்ற குளிசைகள் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும். சிறுநீரகமும் களைத்திருந்தால் அது இதயத் துடிப்பைக் குழப்பும் அளவுக்கு ஏறலாம். அடுத்த கிளினிக்கில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பொட்டாசியமும் பார்த்த பிறகு எவ்வளவு என்று டொக்டரிடமே கேளுங்க. அதுவரைக்கும் ஆசைக்கு அரைக் கிளாஸ், கிழமையில் இரண்டு மூன்று நாள் போதும். சிறுநீரக நோயென்று ஏற்கனவே சொல்லப்பட்டவர்கள் தொடவே வேண்டாம். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கம் சிறுநீரக நோயாளர் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

மூத்திரக் குளிசை எடுப்பவருக்கு நீர் சீக்கிரம் குறையும். அதோடு வயது போனால் தாகமும் சரியாகத் தெரியாது. ஆகவே அம்மா கேட்கும் வரை இருக்காமல் நேரம் வைத்துக் கொடுங்க. எழும்பியதும், பத்து மணி, பகல், மூன்று மணி, ஆறு மணி, ஒவ்வொரு தரமும் 200 மில்லிலீற்றர். குளிசை விழுங்கும்போது முழுக் கிளாஸ். ராவில் எழும்பி நடந்து விழாமல் இருக்க ஏழு மணிக்குப் பிறகு குறைக்கலாம். கால் வீங்கியிருந்தாலோ, இருதயத்துக்காகத் தண்ணீரை மட்டுப்படுத்தச் சொல்லியிருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது, டொக்டர் சொன்ன அளவுதான். அவவின் மோருக்கு உப்புப் போடாதீங்க, கறியில் இருப்பதே போதும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி வயலில் நிற்கிறவருக்கு மட்டும்.

சீனி எல்லையில் என்றால் பழத்தைச் சாறாக்க வேண்டாம், துண்டாகக் கடித்துச் சாப்பிடட்டும். வத்தகப்பழம் 150 கிராம், அதற்கு மேல் வேண்டாம். கெக்கரிக்காய்க்கும் நீற்றுப்பூசணிக்கும் அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பதற்குக் கொதி மருந்தில்லை. கொதித்தால் கிருமி சாகும், நீர் ஆவியாகி உப்பு இன்னும் செறிவாகும். கோடையில் நிலத்தடியில் நல்ல தண்ணீர்ப் படை மெலிவதால் வாவியோரக் கிணறுகள் உவர்க்கும். குடிக்கவும் மோர், கஞ்சி செய்யவும் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை எடுத்து, நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றுங்க. கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் இருக்கட்டும்.

வெறும் தேத்தண்ணி உடம்பிலுள்ள நீரை இழுத்துவிடும் என்று சிலர் பயப்படுத்துவார்கள். நாளைக்கு மூன்று நாலு கோப்பை குடிப்பதில் அப்படி ஒன்றும் நடக்காது, அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். சாராயமும் கள்ளும்தான் உண்மையாகவே நீரை வெளியேற்றும். வயலில் வேலை முடிந்த களைப்புக்கு என்று அதைக் கொடுக்க விடாதீங்க.

சந்தைப் பக்கம்

வத்தகப்பழம் தெரிவு செய்யும் முறை: நிலத்தில் படுத்திருந்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. அந்தத் தழும்பு வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் பழுத்தது, வெள்ளையாக இருந்தால் அவசரத்துக்குப் பிடுங்கியது. ஒரே பருமனில் இரண்டைத் தூக்கி எது கனமோ அதை எடுங்கோ. தட்டினால் அடியிலிருந்து ஆழமான சத்தம் வர வேண்டும். வெட்ட முன்னம் தோலைக் கழுவ வேண்டும், இதை ஒருவரும் செய்வதில்லை. தோலில் உள்ள மண்ணைக் கத்தி நேரே சதைக்குள் கொண்டுபோகும். வெட்டியதை இந்தச் சூட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. பிரிட்ஜ் இல்லாத வீடு முழுப் பழம் வாங்கினால், பக்கத்து வீட்டோடு பாதியாகப் பிரித்து அன்றைக்கே முடிப்பது நல்லது. தோலுக்கும் சிவப்புக்கும் நடுவில் உள்ள வெள்ளைச் சதையை எறியாதீங்கோ, பூசணிக்காய் போலப் பால்கறி வைக்கலாம்.

வெள்ளரிப்பழம் பழுத்தால் தானாக வெடிக்கும். வெடிப்பு அன்றைக்கு விழுந்ததா என்று பாருங்கோ. ஓரம் ஈரமாக, சதை மா மாதிரி இருந்தால் புதுசு. பழுப்பேறி ஈ மொய்த்திருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கோ. சீனியை அள்ளிக் கொட்டாமல் பனங்கட்டித் தூள் கொஞ்சம், தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டுப் பிசைந்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

பிள்ளைகளின் பள்ளிப் பெட்டிக்கு கெக்கரிக்காயை நீளமாக வெட்டி, தேசிக்காய் தடவி, உப்புத் தனியாகச் சின்னச் சரையில் கொடுங்கோ. முழுத் தோடம்பழம், கொய்யாப்பழம் நல்லது. வாசலில் திறந்து வைத்து மிளகாய்த்தூள் போட்டு விற்கும் வெட்டுப் பழத்தையும், எந்தத் தண்ணீரில் செய்ததென்று தெரியாத ஐஸ் பைக்கட்டையும் தவிர்க்கச் சொல்லுங்கோ. சோடா வகை தாகத்துக்கு உதவாது. சீனி கூடினால் இரைப்பையிலிருந்து நீர் இறங்குவது தாமதமாகும். 2016இல் இருந்து எங்கட நாட்டில் போத்தலில் நிறக் குறி போட வேண்டும்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியென்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அதைப் பார்த்து வாங்கக் கற்றுக் கொடுக்கலாம்.

உகந்தை வழி

கேள்விக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் இந்த மாதங்களில் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களும் இதை வாசிப்பார்கள். உகந்தை தாண்டிக் குமண, யால காட்டுக்குள் கடை இல்லை. வத்தகப்பழம் சுமக்க ஏலாது. தேசிக்காய், உப்பு, பனங்கட்டி, அவல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பைக்கட் இவ்வளவும் பாரமில்லாதவை. ஜீவனி ஒரு பைக்கட்டுக்குச் சரியாக ஒரு லீற்றர். சின்னப் போத்தலில் அரை லீற்றருக்கு முழுப் பைக்கட்டையும் கொட்டினால் உப்புச் செறிந்து சத்தியும் வயிற்றோட்டமும் கூடும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

படுவான்கரை வீடு

வயலுக்குக் கொடுக்கிற தேசிக்காய்த் தண்ணிக்குச் சரியான அளவு சொல்லுங்க. போன முறை உப்புக் கரிக்குதெண்டு குடிக்காமல் கொண்டு வந்துட்டார். மற்றது, அவருக்கு அங்க தலை சுத்தினா கூட நிக்கிறவங்க முதல்ல என்ன கொடுக்க வேணும்?

கல்முனைப் போசணை

ஒரு லீற்றருக்கு மட்டமாகக் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்புத்தூள், சீனி நாலு முதல் ஆறு தேக்கரண்டி, தேசிக்காய் இரண்டு. கல்லுப்பை அப்படியே கரண்டியால் அளந்தால் அளவு ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் தூளாக்கி அளவுங்க. நாக்கில் வைத்தால் கண்ணீர் அளவுதான் உப்புத் தெரிய வேண்டும், அதற்கு மேல் கரித்தால் தண்ணீர் சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இதையே கொடுக்கத் தேவையில்லை. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் ஒவ்வொரு அரை லீற்றர், மிச்ச நேரம் நல்ல தண்ணீர். போத்தலை ஈரச் சாக்கில் சுற்றி மரநிழலில் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட்டால் கச்சான் காற்றே அதைக் குளிர்த்திவிடும், சாக்குக் காய்ந்தால் திரும்ப நனைக்க வேண்டும்.

தலை சுற்றினால் நிழலில் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, தெளிவாகப் பேசுகிறாரென்றால் அதே தேசிக்காய்த் தண்ணியை மிடறு மிடறாகக் கொடுக்கலாம். பேச்சுக் குழறினாலோ, ஆளைத் தெரியாமல் பேசினாலோ, மயங்கினாலோ, வாயில் ஒன்றும் ஊற்றவே வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆள் மயங்கியிருந்தால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்க. வேர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உயிராபத்துத்தான். உடனே 1990க்கு எடுத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வரும் வரை வாய்க்கால் தண்ணீரென்றாலும் உடம்பு முழுக்க ஊற்றி, சாக்கால் விசிறிக்கொண்டே இருக்கச் சொல்லுங்க. கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கு மூன்று இடத்திலும் ஈரத்துணி. அவரோடு வெட்டுக்கு நிற்கிற எல்லாருடைய போனிலும் அந்த இலக்கம் இருக்கட்டும்.